நெல் குவியலின் மேல் ஒரு ராணுவத் தளம்

அந்த ராணுவத் தளம் இல்லவே இல்லை என்று இரண்டு அரசாங்கங்கள் அடித்துச் சொல்லின. தளத்தை வைத்திருந்த வல்லரசு, அந்தப் பாலைவனத்தில் தனக்கு ஒரு கூடாரம்கூடக் கிடையாது என்றது. இடம் கொடுத்திருந்த குட்டி நாடு, தன் இறையாண்மை பத்திரமாக இருக்கிறது என்று அறிக்கை விட்டது. யாருடைய பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

அந்த இல்லாத தளத்திலிருந்து கிளம்பிய ஆளில்லா விமானங்கள் பக்கத்து நாட்டில் ஒரு மின்நிலையத்தையும் ஒரு கல்யாண வீட்டையும் ஜனநாயகப்படுத்திவிட்டுத் திரும்பியிருந்தன. அதற்குப் பதிலாகப் பக்கத்து நாடு திங்கட்கிழமை காலையில் ஏவுகணைகளை அனுப்பியது. அவை இல்லாத தளத்தின் மேல் விழுந்தன. இல்லாத இடத்தில் விழுந்ததால் சேதமில்லை. சேதமில்லாததால் யாரும் சாகவில்லை. கோட்டுப் போட்ட ஒருவர் தொலைக்காட்சியில் இதைப் பொறுமையாக விளக்கினார். அவர் தோளுக்குப் பின்னால் யாரோ தூரத்திலிருந்து எடுத்த படத்தில் கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது.

பாபநாசத்தில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாஜிதா அந்தப் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்காரர் பேசியது அவள் காதில் விழவில்லை. அவள் கணவன் ஃபாஜில் அந்தத் தளத்தில் சிப்பாய்களின் துணி துவைக்கிறான். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்பவன் திங்கட்கிழமை செய்யவில்லை. செவ்வாய்க்கிழமையும் செய்யவில்லை. அவள் அனுப்பிய செய்திகளுக்குப் பக்கத்தில் ஒற்றை டிக் மட்டும் விழுந்து கிடந்தது. இரண்டாவது டிக் வருமா என்று அவள் அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் பார்த்தாள்.

ஃபாஜிலின் அண்ணன் உபைதுல்லா கடைத்தெருவில் பை, பெட்டி விற்பவர். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து, ஃபாஜிலை வேலைக்கு எடுத்த கம்பெனியைப் பிடித்தார். எதிர்முனையில், தளம் இருந்த நாட்டிலேயே வேலை பார்த்த அரவிந்தன் என்ற ஊழியர். குரலில் நன்னிலம் பக்கத்து ஈரம் இன்னும் காயாமல் இருந்தது.

“உங்க தம்பி ஹோட்டல் லாண்டரியில வேலை பாக்குறார் பாய். ஹோட்டலுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. தைரியமா இருங்க.”

“எந்த ஹோட்டலுங்க?”

“அத வெளிய சொல்லக்கூடாது.”

“ஹோட்டல் பேரையா? அப்பறம் எப்படிங்க அங்க ஆளு வந்து தங்குவான்?”

“அது அந்த மாதிரி ஹோட்டல் இல்ல பாய்.”

சாஜிதா போனைப் பிடுங்கினாள். “தம்பி, அந்த ஹோட்டல்ல ஏரோப்ளேன் நிக்குமா?”

“ஏர்போர்ட் பக்கத்துல இருக்குதும்மா,” என்று சொல்லிவிட்டு அரவிந்தன் வைத்துவிட்டார்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான உதவி எண்ணில் ஒரு பெண் மிகவும் அன்பாகப் பேசினாள். அந்த நாட்டில் ராணுவத் தளம் எதுவும் இல்லையென்று தகவல் வந்திருப்பதால், ராணுவத் தளத்தில் காணாமல் போனவர் என்று பதிவு செய்ய முடியாது. வேறு எங்காவது காணாமல் போயிருந்தால் சொல்லுங்கள் என்றாள்.

இந்த நிலைமையில்தான் பேராசிரியர் மதிவாணன் வீட்டுக்கு வந்தார்.

மதிவாணன் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மாதத்திலேயே அவருக்கு முழங்கால் வலியும் ஏகாதிபத்திய எதிர்ப்புப் பேரவையும் சேர்ந்து ஆரம்பித்தன. பேரவைக்கு மாநிலக் குழு, மாவட்டக் குழு, வட்டக் குழு என்று மூன்று குழுக்கள். ஆட்கள் மூன்றுக்கும் பொது.

நாற்காலியில் உட்கார்ந்து டீயை வாங்கி வைத்துக்கொண்டு அவர் வல்லரசின் சரித்திரத்தைத் தொடங்கினார். எந்த நாட்டில் தேர்தலில் ஜெயித்தவனைப் பெட்டி பெட்டியாகப் பணம் இறக்கிக் கவிழ்த்தது, எந்தத் தளபதிக்குச் சித்திரவதை சொல்லிக் கொடுத்து அனுப்பியது, எந்த ஊரில் இல்லாத ஆயுதத்தைத் தேடிப் போய் இருந்த ஊரைத் தொலைத்தது, எல்லாம் வரிசையாக வந்தது. அவர் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. அதுதான் சங்கடமே. கழுத்து நரம்பு புடைக்கச் சொல்லும்போது உண்மைகூட வார்டு தேர்தல் வாக்குறுதி மாதிரி ஆகிவிடுகிறது.

“ரகசியமா ஒரு தளம், ரகசியமா ஒரு யுத்தம், ரகசியமா சாவு! ஆனா துணி துவைக்க மட்டும் நம்ம பாபநாசத்து ஆளு!” என்றார் மதிவாணன். “இத நாம சும்மா விடப்போறதில்ல தங்கச்சி. வியாழக்கிழமை மாபெரும் கண்டனப் பொதுக்கூட்டம். பஸ் ஸ்டாண்டுகிட்ட ஃப்ளெக்ஸ். தம்பி போட்டோ ஒண்ணு வேணும்.”

சாஜிதாவின் போனில் ஒரு படம் இருந்தது. போன மாதம் ஃபாஜில் அனுப்பியது. ஆளுயரச் சலவை இயந்திரங்களுக்கு முன்னால் ஏப்ரன் கட்டிக்கொண்டு சிரிக்கிறான். திறந்திருந்த கதவு வழியே சாம்பல் நிற விமானம் ஒன்றின் வாலும், தளத்தின் பெயர்ப்பலகையும் தெரிகின்றன. பார்த்துவிட்டு அழித்துவிடு என்று எழுதியிருந்தான். அவள் அழிக்கவில்லை.

“அங்க போட்டோவே எடுக்கக்கூடாதாம் சார். தெரிஞ்சா தொலைச்சிடுவாங்கன்னு சொல்லிருக்காங்க.”

“யாரு தெரிஞ்சுக்கணுமோ அவங்க தெரிஞ்சுக்கட்டும்மா!”

உபைதுல்லா தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். “நீ சொல்றதுதான் சாஜிதா.”

அவள் யோசித்தாள். கம்பெனி ஹோட்டல் என்கிறது. உதவி எண் இல்லை என்கிறது. தொலைக்காட்சியில் கோட்டுக்காரர் போய்க் கிரிக்கெட் வந்துவிட்டது. இந்தப் படத்தைப் பார்த்து யாராவது, எங்கிருந்தாவது, ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும் என்று இருந்தது. கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை காலையில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. சவுக்குக் கட்டையில் கட்டி, கடைகளின் மாடியை மறைக்கிற உயரம். ஃபாஜில் நடுவில் சிரித்தான். அவனைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக மதிவாணன் விரலை நீட்டிக்கொண்டிருந்தார். வடிவமைத்த கடைக்காரர் தன் பங்குக்கு இரண்டு புறா, ஒரு சிங்கம், பின்னணியில் தீ ஜுவாலை எல்லாம் சேர்த்திருந்தார். தீயை எடுக்கச் சொல்லி சாஜிதா போன் செய்தபோது, அச்சாகிவிட்டது, அது புரட்சித் தீதான், வேறு மாதிரி நினைக்க வேண்டாம் என்றார். படத்தைப் பேரவை பேஸ்புக்கில் போட்டது. மதிவாணன் வல்லரசின் தூதரகத்தையே அதில் டேக் செய்திருந்தார்.

வியாழக்கிழமை காலை அரவிந்தனே கூப்பிட்டார்.

“அம்மா, முதல்ல அந்த பேனர இறக்குங்க.”

“எதுக்குங்க?”

“இறக்குங்கம்மா. கேள்வி கேக்காதீங்க.”

“ஹோட்டல்ல துணி துவைக்கிற ஆளு போட்டோதானே தம்பி. ஹோட்டலுக்கு விளம்பரம்தானே?” சாஜிதா விடவில்லை. “அவங்க இருக்காங்களா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.”

அரவிந்தன் குரலைத் தாழ்த்தினார். பின்னால் ஏதோ கதவு சாத்தப்படும் சத்தம். “இருக்கார். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. பொழைச்ச எல்லாரையும் ஒரு ரூமுல உக்கார வெச்சு செக்யூரிட்டிக்காரன் விசாரிக்கிறான். உள்ள போட்டோ எடுத்தவன் எவன், தளம் எங்க இருக்குன்னு வெளிய சொன்னவன் எவன்னு. உங்க பேனர்ல மூஞ்சியே இருக்கு. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள இறங்கினா நான் எதாவது பேசிப் பாக்குறேன். இல்லன்னா உளவாளின்னு எழுதிட்டான்னா என் கையில ஒண்ணும் இல்ல.”

போன் வைத்த பிறகுதான் ‘பொழைச்ச எல்லாரையும்’ என்ற சொல் அவளுக்கு உறைத்தது. அப்படியானால் பிழைக்காதவர்களும் உண்டு. உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதி நெஞ்சில் இறங்குவதற்குள், அவனைப் பிடித்துக் கொடுத்ததே நான்தானோ என்ற எண்ணம் வந்து குறுக்கே நின்றுகொண்டது. துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, உபைதுல்லாவின் ஸ்கூட்டரில் ஏறி மதிவாணன் வீட்டுக்குப் போனாள்.

மதிவாணன் இரவுக் கூட்டத்துக்கான பேச்சைக் கண்ணாடி முன் நின்று பேசிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

“பாத்தியாம்மா? ஒரு ஃப்ளெக்ஸுக்கே நடுங்குறான்! இப்ப இறக்கினா அது சரணாகதி.”

“சார், அவங்க அவன் கையில இருக்காங்க.”

“புரியுது தங்கச்சி. ஆனா தனி மனுஷனைவிட வரலாறு பெருசு.”

“வரலாறுக்கு நான் எந்த நம்பர்ல போன் பண்ணுறது சார்? எனக்கு அவங்க குரல் கேக்கணும்.”

மதிவாணன் பதிலுக்கு வாயைத் திறந்தபோது சமையலறையிலிருந்து அவர் மனைவி மங்களாம்பிகை கரண்டியோடு வந்தார். பின்னாலேயே சுக்கும் நெய்யும் கலந்த வாசனை வந்தது. அவர்களுடைய மகளுக்கு முதல் பிரசவம். மகள் இருப்பது அதே வல்லரசில். மங்களாம்பிகை லேகியம் கிண்டிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, எந்தத் தூதரகத்த டேக் பண்ணீங்க?”

“அது வந்து, அரசியல் ரீதியா...”

“செவ்வாக்கிழம நாம விசாவுக்குப் போய் நிக்கப் போறோமே, அந்தத் தூதரகமா?”

மதிவாணன் கண்ணாடி முன்னிருந்து நகர்ந்தார்.

“பேஸ்புக்கெல்லாம் நோண்டிப் பாப்பானாம், மாப்ள படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. எம்பொண்ணு அங்க தனியா வயித்தத் தூக்கிக்கிட்டு நிக்கிது. நீங்க இங்க சிங்கத்துக்குப் பக்கத்துல நின்னு விரல நீட்டுறீங்க!”

வல்லரசுகளை நாற்பது வருடமாக வகுப்பறையில் வீழ்த்தி வந்தவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “போராட்டத்துல,” என்றார், “தந்திரோபாயப் பின்வாங்கல்னு ஒண்ணு இருக்கு.”

மதியத்துக்கு முன்பே ஃப்ளெக்ஸ் இறங்கிவிட்டது. பேஸ்புக்கிலிருந்து படமும் போய்விட்டது. கட்ட வந்தபோது இருந்த வேகத்தைவிட அவிழ்த்தபோது இருந்த வேகம் அதிகம் என்று எதிரே டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சாஜிதா வெறும் சவுக்குக் கட்டைகளைப் படமெடுத்து அரவிந்தனுக்கு அனுப்பினாள். இரவு கூட்டம் நடந்தது. மதிவாணன் ‘ஒரு குறிப்பிட்ட நாட்டை’ வன்மையாகக் கண்டித்தார். எந்த நாடு என்று கடைசிவரை தெரியாததால் முன்வரிசையில் இருந்த சிலர் இலங்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அரவிந்தனிடமிருந்து பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க மழை. மாசி மாதத்தில் வரக்கூடாத மழை. உபைதுல்லா ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து வாசலிலேயே நின்று, “வந்துச்சா?” என்றார். சாஜிதா இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் உள்ளே வராமலே கடைக்குப் போனார்.

சனிக்கிழமை காலையில் போன் அடித்தது. அரவிந்தன் கத்தினார்.

“இறக்கச் சொன்னா பேப்பர்லயே போட்டுட்டீங்களே! உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?”

“நாங்க எங்க தம்பி போட்டோம்? வியாழக்கிழமையே இறக்கியாச்சே!”

“இன்னைக்குப் பேப்பரப் பாருங்க! நெட்டுல இங்க வரைக்கும் வந்திடுச்சு!”

உபைதுல்லா பெட்டிக்கடைக்கு ஓடி நாளிதழை வாங்கி வந்தார். முதல் பக்கத்தில் பெரிய படம். ‘டெல்டாவில் திடீர் மழை: கொள்முதல் நிலையத்தில் நனையும் நெல்.’ நெல் குவியல்கள் வரிசையாகக் கிடந்தன. ஒரு குவியலின் மேல், செங்கல் வைத்து விரித்த ஃப்ளெக்ஸில், வானத்தைப் பார்த்து ஃபாஜில் சிரித்துக்கொண்டிருந்தான். விமானத்தின் வாலும் பெயர்ப்பலகையும் மழையில் கழுவிவிட்டது போலத் தெளிவாக இருந்தன. மதிவாணன் குவியலின் சரிவில் மடங்கிப் போய் விரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

டெல்டாவில் இறக்கிய ஃப்ளெக்ஸ் குப்பைக்குப் போகாது. கல்யாண வாழ்த்தோ கண்ணீர் அஞ்சலியோ கட்சி மாநாடோ, கட்டையிலிருந்து அவிழ்த்த அடுத்த மணியில் யாராவது சைக்கிளில் சுருட்டி வைத்துக் கொண்டுபோய்விடுவார்கள். சாக்கு வரும், லாரி வரும் என்று விவசாயி வாரக்கணக்கில் நெல்லோடு காத்துக் கிடக்கும் கொள்முதல் நிலையத்தில், தலைவர்கள் ஊருக்கு உருப்படியாகப் பயன்படுவது அந்த ஒரு தடவைதான். வழவழப்பான பக்கம் மேலே இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடும். ஆகவே முகங்கள் எப்போதும் வானத்தைப் பார்த்துத்தான் இருக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஃப்ளெக்ஸை இறக்கச் சொன்ன அவசரத்தில் சாஜிதாவுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

“அந்த செக்யூரிட்டி ஆபீசர் என்னக் கூப்பிட்டு உக்கார வெச்சுட்டான்,” என்றார் அரவிந்தன். கோபம் போய்க் குரலில் அழுகை கலந்திருந்தது. “மூஞ்சிய ஏன் மேல பாத்து விரிச்சிருக்காங்க, எந்த சாட்டிலைட்டுக்கு சிக்னல்னு கேக்கறான்.”

“நெல்லு நனையாம இருக்கத்தான் தம்பி!”

“சொன்னேம்மா. நெல்லுன்னா என்னன்னான். அரிசி ஆகறதுக்கு முன்னாடின்னேன். சாப்பிடற பொருள கவர்மெண்டு ஆபீஸ் வாசல்ல மழையில எவனாவது கொட்டி வெப்பானா, பொய் சொல்லாதேங்கறான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.”

“அதுக்கு எங்ககிட்டயே பதில் இல்ல தம்பி,” என்றார் உபைதுல்லா.

எந்த நாட்டை யார் ஆளவேண்டும் என்று தீர்மானிக்கிற உளவுத்துறைக்கு, பாபநாசத்து நெல் புரியவில்லை. புரியாததை எல்லாம் சதி என்று எழுதுவது அவர்களுக்குப் பழக்கம். அப்படி எழுதித்தான் பாதி உலகத்தில் குண்டு போட்டிருக்கிறார்கள். ஃபாஜிலின் பெயருக்கு நேரே என்ன எழுதுவார்கள் என்று சாஜிதா நினைத்துப் பார்த்தாள்.

“ஒரு மணி நேரம் வாங்கியிருக்கேன்,” என்றார் அரவிந்தன். “அந்த மூஞ்சி வெளிய தெரியக்கூடாது. வீடியோவுல நான் காட்டணும்.”

கொள்முதல் நிலையம் ஊருக்கு வெளியே, வயல்களை ஒட்டி. போகிற வழியெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடியது. கிழக்கே வானம் மறுபடி கருத்துக்கொண்டிருந்தது. உபைதுல்லா ஸ்கூட்டரைச் சேற்றில் நிறுத்துவதற்கு முன்பே சாஜிதா குதித்து இறங்கினாள்.

குவியலுக்குப் பக்கத்தில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ரெத்தினம் உட்கார்ந்திருந்தார். நெல் அவருடையது.

“அண்ணே, இந்த பேனர் எனக்கு வேணும்.”

ரெத்தினம் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “உங்க வூட்டுக்காரரா? பேப்பர்ல வந்தாரே. நேத்து பூரா என் நெல்ல இவருதாம்மா காப்பாத்துனாரு. மானம் எப்படி இருக்கு பாரு. இப்பவே ஈரப்பதம் சாஸ்தின்னு தள்ளி வெச்சிட்டான். இன்னொரு மழ உள்ள எறங்குனா மொளச்சிடும். எப்படிம்மா குடுக்கறது?”

“புது தார்ப்பாய் வாங்கித் தர்றேங்க,” என்றார் உபைதுல்லா.

“கடையில இருந்தா நான் ஏன் பாய் சிங்கத்தப் போத்திக்கிட்டு ஒக்காந்திருக்கேன்? நேத்தே தீந்துபோச்சு.”

முதல் தூறல் ஃபாஜிலின் நெற்றியில் விழுந்தது. சாஜிதா பதறினாள். “அண்ணே, இந்த மூஞ்சி தெரியற வரைக்கும் அங்க அவங்கள விடமாட்டாங்கண்ணே. உளவாளிங்கறாங்க. எடுக்க வேணாம். திருப்பிப் போட்டுடலாம். வெள்ளப் பக்கம் மேல வரட்டும்.”

“வெள்ளப் பக்கம் தண்ணிய ஊற விடும்மா.”

“ஊறுனா நான் இங்கயே நின்னு தண்ணிய வழிச்சு விடறேன். மழ விடற வரைக்கும் நிக்கிறேன்.”

ரெத்தினம் எழுந்தார். சாக்கைத் தலையிலிருந்து எடுத்துப் போட்டார். “தூக்கு. அந்த முனையப் புடி. பாய், செங்கல்ல எடுங்க. ஏய், அங்க என்னடா வேடிக்க, ரெண்டு பேர் வாங்க!”

பக்கத்துக் குவியல்காரர்கள் ஓடி வந்தார்கள். காற்று ஃப்ளெக்ஸுக்குள் புகுந்து தூக்கியது. ஒரு கணம் ஃபாஜில் எல்லாருக்கும் மேலே எழுந்து நின்று ஊரையே பார்த்துச் சிரித்தான். சாஜிதா பயந்துபோய் இரண்டு கையாலும் முனையை இழுத்துத் தரையோடு சாய்த்தாள். அவன் குப்புற நெல்லின் மேல் விழுந்தான். செங்கற்கள் திரும்ப ஏறின. வெள்ளை மட்டும் தெரிந்தது. அவள் ஈரக் கையோடு வீடியோவில் அரவிந்தனைக் கூப்பிட்டு, குவியலைச் சுற்றி வந்து நாலு பக்கமும் காட்டினாள். எதிர்முனையில் யாரோ வேற்று மொழியில் ஏதோ சொன்னார்கள். திரை இருண்டது. குரல் மட்டும் வந்தது.

“சாஜிதா.”

அவள் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “ஏங்க! அடி ஏதாவது பட்டுச்சாங்க?”

“நல்லா இருக்கேன். ஹோட்டல்ல வேல நல்லா போகுது. இங்க ஒண்ணும் நடக்கல.” ஒவ்வொரு சொல்லையும் தரையில் எடுத்து வைப்பது போல வைத்தான்.

“எப்ப வருவீங்க?”

“விசாரணை... வேல முடிஞ்சதும்.”

“உங்க மேல் கட்டில்ல படுப்பாரே, பங்களாதேஷ்ல சில்ஹெட்காரரு, அவரு வீட்டம்மாகூட என்கூட ஒருநாள் பேசுச்சே. அவரு நல்லா இருக்காரா?”

அங்கே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

“மேல் கட்டில் காலியாத்தான் இருந்துச்சு சாஜிதா,” என்றான் ஃபாஜில். “எப்பவுமே.”

இணைப்பு அறுந்தது. உடனே அரவிந்தன் வந்தார். “பேச வெச்சுட்டேம்மா. திருப்தியா?”

“தம்பி, அந்த சில்ஹெட்காரர் வீட்டுக்கு யாரு சொல்லுவா?”

“எந்த ஆளும்மா?” என்றார் அரவிந்தன். பிறகு, “நானும் புள்ள குட்டிக்காரன்,” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

உபைதுல்லா வானத்தைப் பார்த்துக் கையேந்தி அல்ஹம்துலில்லாஹ் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரெத்தினம், “நல்ல சேதிதானம்மா?” என்றார். மழை பிடித்துக்கொண்டது. வெள்ளைத் துணிபோலக் கிடந்த ஃப்ளெக்ஸின் பள்ளங்களில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. சாஜிதா எழுந்து போய்க் கையால் வழித்து வழித்துத் தள்ளினாள்.

“பெரிய மச்சான், சில்ஹெட்டுக்குப் போன் போட முன்னாடி என்ன நம்பர் சேக்கணும்? அந்தம்மா நம்பர் என்கிட்ட எங்கயோ இருக்கு.”

உபைதுல்லாவின் முகம் மாறியது. “வேணாம்மா. நம்ம பய இன்னும் அவன் கையிலதான் இருக்கான். ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா...”

“அதனாலதான் மச்சான்.” அவள் வழிப்பதை நிறுத்தவில்லை. “நாளைக்கு கீழ் கட்டிலும் காலியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டான்னா?”